சாம்பலும் கனியும்: வாழைப்பழ ரொட்டியின் அச்சேறிய வரலாறும் அச்சேறாத வரலாறும்

வாழைப்பழ ரொட்டி பெயரளவில் மட்டுமே ரொட்டி. அதில் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. மாவை அடித்துப் பிசைவதில்லை. மணிக்கணக்கில் பொங்கவிடுவதும் இல்லை. தோல் கறுக்குமளவு கனிந்த மூன்று வாழைப்பழங்களை மசித்து, வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஆகியவற்றுடன் சேர்த்து, மாவும் சிறிதளவு சமையல் சோடாவும் கலந்து, நீள்சதுர அச்சில் ஊற்றி, 175 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ 1 மணி நேரம் வேகவைத்தால், மறுநாளும் ஈரம் குன்றாத ஒரு பண்டம் கிடைக்கிறது. இலக்கணப்படி அது கேக். ரொட்டிக்குரிய அச்சில் வார்க்கப்படுவதாலும் துண்டு துண்டாக அரிந்து உண்ணப்படுவதாலும் ரொட்டி என்னும் பெயர் அதற்கு வாய்த்தது. சோடாவால் எழும்பும் இத்தகைய பண்டங்களை அமெரிக்கச் சமையல் நூல்கள் விரைவு ரொட்டிகள் என்று தனி வகையாகவே பிரித்து வைத்திருக்கின்றன.

இதன் தோற்றம் குறித்து வழக்கமாகச் சொல்லப்படும் கதை சுருக்கமானது. 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. அதைத் தொடர்ந்த பெருமந்தக் காலத்தில், அளவுக்கு மீறிக் கனிந்த பழத்தைக் குப்பையில் எறிய மனம் வராத குடும்பப் பெண்கள் அதை மாவில் கலந்து சுட்டார்கள். வாழைப்பழ ரொட்டி பிறந்தது. இந்தக் கதையில் உண்மை உண்டு. ஆனால் ஒரு சமையலறையில் அந்தச் சிக்கனம் செயல்படுவதற்கு முன்பே மலிவான சோடா, மலிவான வாழைப்பழம், சீரான வெப்பம் தரும் அடுப்பு ஆகிய மூன்றும் அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். இவற்றுள் முதலிரண்டின் வரலாறு அமெரிக்காவில் தொடங்கவுமில்லை, அமெரிக்காவோடு முடியவுமில்லை. அவ்விரண்டும் இந்தியாவைத் தொட்டுச் செல்கின்றன.

முதலில் சோடா. அதன் மூதாதை அடுப்புச் சாம்பல். மரத்தை எரித்த சாம்பலில் நீரூற்றி வடித்து, அந்த நீரைச் சட்டியில் வற்றக் காய்ச்சினால் எஞ்சும் காரப்பொருளைச் சட்டிச்சாம்பல் என்னும் பொருள்படும் பொட்டாஷ் என்ற சொல்லால் ஐரோப்பியர் குறித்தனர். 1807-இல் ஹம்ப்ரி டேவி பிரித்தெடுத்த தனிமத்துக்குப் பொட்டாசியம் என்று பெயர் வந்ததும் இச்சொல்லிலிருந்துதான். வட அமெரிக்காவில் குடியேறியவர்கள் காடுகளை அழித்து நிலம் திருத்தியபோது குவிந்த சாம்பல், சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய மூலப்பொருளாகப் பிரிட்டனுக்கு ஏற்றுமதியானது. அமெரிக்க ஒன்றியம் வழங்கிய முதல் காப்புரிமை, 1790 ஜூலை 31 அன்று சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்குப் பொட்டாஷ் தயாரிப்பு முறைக்காக அளிக்கப்பட்டதாகும். புதிய நாட்டின் பொருளியலில் சாம்பலுக்கு இருந்த இடத்தை இந்த ஒரு செய்தியே காட்டும்.

அந்தச் சாம்பற்காரத்தைத் தூய்மைப்படுத்திய வடிவம் முத்துச்சாம்பல் எனப்பட்டது. வேதியியலார் அதைப் பொட்டாசியம் கார்பனேட் என்பர். புளித்த பாலோடு அது சேர்ந்தால் கரியமில வாயு குமிழியிட்டு மாவை எழுப்பும். 1796-இல் அமெலியா சிம்மன்ஸ் வெளியிட்ட 'அமெரிக்கன் குக்கரி', அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்நாட்டிலேயே அச்சான முதல் சமையல் நூலாகக் கருதப்படுகிறது. மாவை எழுப்ப முத்துச்சாம்பலைப் பயன்படுத்தும் குறிப்புகள் அதில் உள்ளன. பின்னர், 1843-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்ஃபிரட் பேர்ட் ஈஸ்ட்டுக்கு மாற்றாக ஒரு பேக்கிங் பவுடரை உருவாக்கினார். 1846-இல் நியூயார்க்கில் ஜான் டுவைட்டும் ஆஸ்டின் சர்ச்சும் சமையல் சோடாவைப் பொட்டலமிட்டு விற்கத் தொடங்கினர். இரவு முழுவதும் காத்திருந்து செய்ய வேண்டிய வேலை, கலந்த கையோடு அடுப்பில் ஏற்றக்கூடியதாயிற்று. இந்த அரை நூற்றாண்டு மாற்றம் இல்லையேல் விரைவு ரொட்டி என்னும் வகையே தோன்றியிருக்காது.

சாம்பலிலிருந்து காரம் எடுத்து உணவில் சேர்க்கும் அறிவு அமெரிக்கர்களுக்கே உரியதன்று. தமிழில் அப்பளக்காரம், சவுக்காரம், வெங்காரம் ஆகிய சொற்களின் ஈற்றில் நிற்கும் காரம், வடமொழி க்ஷாரத்தின் திரிபு. மலையாளத்தில் சமையல் சோடாவுக்கு வழங்கும் பெயரே அப்பக்காரம், அதாவது அப்பத்துக்குரிய காரம். வட இந்தியாவில் உவர்நிலச் செடிகளை எரித்து எடுத்த சஜ்ஜிக் காரம் அப்பளத்துக்குப் பயன்பட்டது. ஒரே வேர்ச்சொல் வடக்கிலும் தெற்கிலும் அடுக்களைப் பொருள்களின் பெயர்களில் ஊன்றி நிற்பது, இந்த அறிவு பரவலாக இருந்ததற்கு மொழி தரும் சான்று.

இவ்வகையில் அசாம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. அங்கே கார் என்றால் ஒரு பொருளும் உண்டு, அப்பொருளால் சமைக்கும் உணவும் உண்டு. பீம்கல் என்னும் விதைமிகுந்த வாழையின் தோலை உலர்த்தி, எரித்து, அந்தச் சாம்பலின் வழியே நீரை வடித்து எடுப்பது கலகார். பப்பாளிக்காயோடும் பருப்போடும் அதைச் சேர்த்துச் சமைப்பர். உப்பு அரிதாயிருந்த காலத்தில் உப்புக்கு ஈடாகவும், துணி வெளுக்கவும் தலைமுடி கழுவவும் அது பயன்பட்டது. காரை உண்போர் என்பதே அசாமியருக்கு ஓர் அடையாளப் பெயராக வழங்குகிறது. வாழைத்தோல் சாம்பலில் மிகுதியாக இருப்பது பொட்டாசியம் கார்பனேட். அமெலியா சிம்மன்ஸ் மாவில் கலந்ததும் அசாமியப் பெண் பப்பாளியில் கலந்ததும் வேதியியல் நோக்கில் ஒரே பொருள். முன்னது காட்டு மரத்திலிருந்து வந்தது. பின்னது வாழையிலிருந்தே வந்தது.

அடுத்து வாழை. நியூகினி உயர்நிலத்தின் குக் சதுப்பில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிடப்பட்டதற்குத் தொல்லியல் சான்றுகள் உள்ளன. அங்கிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் பரவிய வகைகள், பீம்கல் சார்ந்த விதைவாழை இனத்தோடு கலந்து, இந்தியாவில் நாம் காணும் பெரும் வகைப்பெருக்கத்தைத் தந்தன. தமிழிலும் மலையாளத்திலும் வாழை, கன்னடத்தில் பாளெ, துளுவில் பாரெ என இச்சொல் திராவிட மொழிகளில் ஒழுங்கான ஒலிமாற்றங்களோடு கிளைத்திருக்கிறது. தமிழின் சொல்முதல் வகரம் கன்னடத்தில் பகரமாவதும் ழகரம் ளகரமாவதும் வேறு பல சொற்களிலும் காணப்படும் விதி. பிற்காலத்தில் கடன்பெற்ற சொல்லாயின் இத்தகைய ஒழுங்கு அமைவது அரிது.

ஆங்கிலத்தின் பனானா என்னும் சொல்லோ மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் பிறந்து போர்ச்சுக்கீசியர் வாயிலாக ஐரோப்பாவை அடைந்தது. அச்சொல்லின் மிகப் பழைய அச்சுச் சான்றுகளுள் ஒன்று கோவாவில் கிடைப்பது வியப்புக்குரியது. போர்ச்சுக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-இல் கோவாவில் அச்சிட்ட மூலிகை உரையாடல் நூலில், இந்திய அத்தி என்று ஐரோப்பியர் அழைத்த இக்கனிக்கு இந்திய மொழிகளில் வழங்கிய பெயர்களைக் குறித்து, அரபியர் மூசா என்பதையும் கினி நாட்டார் பனானா என்பதையும் சேர்த்துப் பதிந்தார். பின்னர் லின்னேயஸ் தாவரவியலில் நிலைநிறுத்திய மூசா என்னும் பேரினப் பெயர் அந்த அரபுச் சொல்லோடு தொடர்புடையது. அவ்வச்சகம் இருந்த கோவாவிலேயே போர்ச்சுக்கீசியரின் பாவோ பாவ் ஆகி, ஈஸ்ட் கிடைக்காத நிலத்தில் தென்னங்கள்ளால் பொங்கியது. வங்காளத்தில் அதே சொல் ரொட்டியோடு இணைந்து பாவ்ருட்டி ஆயிற்று. இலங்கைத் தமிழில் பாண் ஆயிற்று. பனானா, பாவோ ஆகிய இரு சொற்களும் ஒரே கப்பல்களில் பயணம் செய்தவை.

1516-இல் தொமாஸ் த பெர்லாங்கா என்னும் துறவி கேனரித் தீவுகளிலிருந்து வாழைக்கன்றுகளைக் கரிபியத் தீவான இஸ்பானியோலாவுக்குக் கொண்டு சென்றார். ஆயினும் அடுத்த மூன்றரை நூற்றாண்டுகள் வட அமெரிக்க மக்களுக்கு வாழைப்பழம் அரிய பொருளாகவே இருந்தது. 1870-இல் லாரன்சோ டோ பேக்கர் என்னும் கப்பல் தலைவர் ஜமைக்காவிலிருந்து வாழைத்தார்களை ஏற்றி வந்து ஜெர்சி நகரில் விற்றார். 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் ஒவ்வொரு பழமும் ஈயத்தாளில் சுற்றப்பட்டு 10 சென்ட்டுக்கு விற்கப்பட்டது. 1899-இல் பேக்கரின் நிறுவனமும், நடு அமெரிக்காவில் இருப்புப்பாதைகளும் தோட்டங்களும் அமைத்த மைனர் கீத்தின் நிறுவனங்களும் இணைந்து யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி உருவாயிற்று. குளிர்பதனக் கப்பல்கள், சொந்த இருப்புப்பாதை, சொந்தத் தந்திநிலையம் ஆகியவற்றோடு இயங்கிய அந்நிறுவனம், ஒரு தலைமுறைக்குள் வாழைப்பழத்தை ஆப்பிளைவிட மலிவான ஏழைகளின் கனியாக்கியது.

மலிவுக்கு விலை கொடுத்தவர்கள் வேறிடத்தில் இருந்தனர். 1928-இல் கொலம்பியாவின் கரிபியக் கரையோரத்தில் அந்நிறுவனத்தின் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும், நிறுவனக் கடையில் மட்டும் செல்லும் சீட்டுகளுக்குப் பதில் பணமாகக் கூலி வேண்டும் என்பன அவர்களின் கோரிக்கைகளுள் அடங்கும். டிசம்பர் தொடக்கத்தில் சியனாகா நகரில் கூடியிருந்தவர்கள்மீது படையினர் சுட்டனர். இறந்தோர் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை உடன்பாடில்லை. கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1967-இல் வெளியிட்ட 'ஒரு நூற்றாண்டுத் தனிமை' நாவலில் அந்த நிகழ்வுக்கு இலக்கிய வடிவம் கிடைத்தது. சியனாகாவுக்கும் நியூயார்க் சரிவுக்கும் இடையே ஓராண்டு கூட நிறையவில்லை. பெருமந்தக் காலச் சிக்கனத்தின் சின்னமாகப் போற்றப்படும் ரொட்டிக்குள் மசிந்த பழம் இந்தத் தோட்டங்களின் வழியே வந்தது.

1930-களில் மூன்றாவது தேவையும் நிறைவேறியது. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வசதியுள்ள எரிவாயு அடுப்புகளும் மின் அடுப்புகளும் நகர வீடுகளில் பரவின. மாவு நிறுவனங்களும் சோடா நிறுவனங்களும் தத்தம் பொருளை விற்பதற்காகச் சமையல் குறிப்பேடுகளை வெளியிட்டன. 1933-இல் பில்ஸ்பரி மாவு நிறுவனம் வெளியிட்ட குறிப்புத் தொகுப்பில் வாழைப்பழ ரொட்டி இடம்பெற்றதை உணவு வரலாற்றாசிரியர்கள் ஒரு மைல்கல்லாகச் சுட்டுகின்றனர். அந்நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேலையற்றிருந்த ஆண்டு அது. வீணாகாமல் காத்தல் என்ற இல்லத்தாளின் கவலையும், விற்பனை குறையாமல் காத்தல் என்ற நிறுவனத்தின் கவலையும் ஒரே பக்கத்தில் சந்தித்தன. கறுத்த தோலை அழுகலாகக் கருதி ஒதுக்கிய நுகர்வோருக்கு, அதுவே இனிப்பின் உச்சம் என்று கற்பிக்க வேண்டியிருந்தது. 1944-இல் யுனைடெட் ஃப்ரூட் உருவாக்கிய சிக்கீட்டா என்னும் வாழைப்பெண் வானொலியில் பாடிய விளம்பரப் பாடலின் நோக்கமும் அதுவே: எந்நிலையில் பழம் உண்ணத்தக்கது, அதை எங்கே வைக்கக் கூடாது என்ற பாடம். 1950-இல் அப்பெயரிலேயே ஒரு சமையல் நூலும் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1954-இல், நிலச்சீர்திருத்தத்தின் மூலம் அந்நிறுவனத்தின் பயன்படாத நிலங்களைக் கையகப்படுத்திய குவாத்தமாலாவின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு, அமெரிக்க உளவுத்துறையின் ஆதரவோடு வீழ்த்தப்பட்டது.

கறுத்த பழத்தைப் பற்றி விளம்பரம் சொன்னது வேதியியல் அளவில் உண்மையே. காயில் சதையின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாச்சத்து. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறி, முற்றக் கனிந்த பழத்தில் ஒன்றிரண்டு விழுக்காடே எஞ்சுகிறது. பழத்தில் முக்கால் பங்கு நீர். சர்க்கரை அந்நீரை இறுகப் பற்றிக்கொள்கிறது. கனிந்த பழத்தின் பெக்டின் நார் அதைக் கூழாகத் தாங்குகிறது. ரொட்டி மறுநாளும் உலராமல் இருப்பது இவ்விரண்டால்தான். பழத்தின் மெல்லிய புளிப்பு சோடாவோடு வினைபுரிந்து வாயுவைத் தருகிறது. அது போதாதபோது தயிரோ மோரோ துணைநிற்கிறது. சோடா மிகுந்தால் நிறம் கறுத்துச் சவுக்காரச் சுவை தட்டும். மாவைச் சேர்த்தபின் அளவுக்கு மீறிக் கலக்கினால் கோதுமைப் பசை இழையோடி ரொட்டி இறுகும். ஆகவேதான் மாவின் வெண்மை மறைந்ததும் கரண்டியை எடுத்துவிட வேண்டும் என்று எல்லாக் குறிப்புகளும் வற்புறுத்துகின்றன. ஈரத்தின் இரகசியம் பழத்தின் பருவத்திலும் கையின் அடக்கத்திலும் இருக்கிறது.

இந்த அறிவு இந்திய அடுக்களைகளுக்குப் புதிதன்று. கேரளத்தின் உண்ணியப்பம், ஊறவைத்து அரைத்த அரிசியோடு வெல்லப்பாகும் கனிந்த பாளையங்கோடன் பழமும் சேர்த்துப் புளிக்கவைத்த மாவைக் குழிகள் உள்ள காரையில் நெய்யூற்றி வேகவைத்துச் செய்வது. கொட்டாரக்கரைக் கணபதி கோயிலின் புகழ்பெற்ற படையல் அது. பழம் சேராத உண்ணியப்பம் மறுநாள் கல்லாகும் என்பது அங்கே யாரும் எழுதிவைக்காமலே அறிந்த செய்தி. வங்காளத்தில் கலார் பொடா என்னும் வாழைப்பழ வடை உண்டு. மராட்டியத்திலும் கொங்கணக் கரையிலும் சத்தியநாராயண பூசைக்குரிய சீராவில் கோதுமை ரவையும் நெய்யும் சர்க்கரையும் வாழைப்பழமும் முறைப்படி ஒன்றேகால் அளவில் சேர்கின்றன. கோதுமையும் வாழையும் அமெரிக்க அடுப்பில்தான் முதன்முதலாகச் சந்தித்தன என்று சொல்ல இயலாது.

இவற்றுள் வாழைப்பழ ரொட்டிக்கு மிக நெருங்கிய உறவு, உடுப்பி, மங்களூர்ப் பகுதியின் பன்ஸ். கறுக்கக் கனிந்த பழம், சர்க்கரை, தயிர், சமையல் சோடா, சீரகம், மைதா ஆகியவற்றைப் பிசைந்து, ஓர் இரவு வைத்திருந்து, சிறு வட்டங்களாகத் தட்டி எண்ணெயில் பொரிப்பர். பழம், புளிப்பு, சோடா, கோதுமை என்ற அதே நான்கு தூண்கள். அடுப்பறை இல்லை, முட்டை இல்லை. வெப்பக்காற்று செய்யும் பணியைக் கொதிக்கும் எண்ணெய் செய்கிறது. தேங்காய்ச் சட்னியோடு காலையுணவாக அதை உண்கின்றனர். பெயர் ஆங்கிலத்தது, அதுவும் பன்மை வடிவில் வந்து ஒருமையாக உறைந்தது. ஒற்றை உருப்படியையும் பன்ஸ் என்றே வழங்குவர். மைதா ஆலைப்பொருள் ஆதலால் இப்பண்டம் மிகத் தொன்மையானது என்று கொள்ளவும் இடமில்லை. பேக்கரியில் கண்ட வடிவத்தின் பெயரைப் பெற்று, அதைத் தன் வாணலிக்கும் தன் பழத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொண்ட ஒரு கடற்கரைச் சமூகத்தின் அறிவு அதில் தெரிகிறது.

தலச்சேரிக் கேக்கின் கதையும் இவ்வரிசையில் வைத்துப் பார்க்கத்தக்கது. பர்மாவிலிருந்து திரும்பி அந்நகரில் பிஸ்கட் தொழில் நடத்திய மாம்பள்ளி பாப்புவிடம், அஞ்சரக்கண்டிக் கறுவாத் தோட்டத்தின் பிரவுன் 1883-இல் இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் காட்டி, அதுபோலச் செய்து தரக் கேட்டதாகவும், பிரெஞ்சுப் பிராந்திக்குப் பதிலாக முந்திரிப்பழத்தோடு கதலிப்பழமும் சேர்த்து ஊறவைத்த உள்ளூர் மதுவைப் பாப்பு பயன்படுத்தியதாகவும் குடும்ப மரபு கூறுகிறது. இக்கதை செவிவழியாக வந்தது. ஆனால் இதில் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, கேட்டவர் இருக்கிறார். ஏனெனில் அது ஒரு கடையின் வரலாறு; விற்பனைக்கு வந்த பண்டத்துக்குக் கணக்கும் பெயரும் உண்டு.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வாழைப்பழ ரொட்டிக்கு 1933 என்னும் ஆண்டு கிடைத்திருப்பதற்குக் காரணம், அவ்வாண்டில் ஒரு மாவு நிறுவனம் அதை அச்சிட்டது. தலச்சேரிக் கேக்குக்கு 1883 கிடைத்திருப்பதற்குக் காரணம், அது ஒரு கடையில் விலைக்குச் செய்யப்பட்டது. உண்ணியப்பத்துக்கும் கலகாருக்கும் பன்ஸுக்கும் ஆண்டு இல்லை. அவற்றைச் செய்தவர்கள் பெண்கள், செய்தது வீட்டில், கற்பித்தது வாய்மொழியில், அளவு கைப்பிடியில். அச்சேறிய நாளையே பிறந்த நாளாகக் கொள்ளும் வழக்கம், கண்டுபிடிப்பாளர் என்ற தகுதியை அச்சகம் வைத்திருந்தவர்களுக்கே வழங்கிவிடுகிறது. அமெரிக்க இல்லத்தரசிகளுக்கும் இதில் அநீதிதான். நிறுவனத்தின் ஏட்டில் இடம்பெறுமுன் எத்தனை வீடுகளில் அவர்கள் பழத்தை மாவில் கலந்திருப்பார்கள் என்பதும் பதிவில்லை. 1933 ஓர் அச்சுத் தேதி. அதற்கு மேற்பட்ட பொருளை அதன்மேல் ஏற்றுவது ஆய்வாகாது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காக இந்தியா முழுமையும் அடைக்கப்பட்டபோது இந்த ரொட்டி இந்திய நகர வீடுகளில் பெருமளவில் நுழைந்தது. மின் அடுப்பு இல்லாதவர்கள் பிரஷர் குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, விசிலையும் கேஸ்கட்டையும் அகற்றி, அதற்குள் அச்சை வைத்துச் சுட்டனர். முட்டைக்குப் பதில் தயிர் வந்தது. மைதாவுக்குப் பதில் ஆட்டா வந்தது. அறியாமலேயே பலர் மங்களூர்ப் பாட்டிமாரின் சேர்மானத்தை நோக்கித் திரும்பினர். அதே வாரங்களில், போக்குவரத்து நின்று சந்தைகள் மூடியதால், விற்க வழியின்றி வாழைத்தார்கள் தோட்டங்களிலேயே பழுத்துக் கெட்டன. மேசைமேல் ஒரு சீப்பு வீணாகாமல் காக்கப்பட்டது கொண்டாடப்பட்ட அளவுக்குத் தோப்பில் வீணான தார்கள் பேசப்படவில்லை. ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் விளைவித்து உலகில் முதலிடத்தில் இருக்கும் நாட்டில், சிக்கனத்தின் கேள்வி சமையலறைக்கு வெளியேதான் பெரிது.

வாழையின் வகை குறித்த கேள்வியும் உண்டு. 1933-இன் ரொட்டி குரோ மிஷேல் என்னும் வகையால் ஆனது. மண்வழிப் பரவும் பனாமா வாடல் நோய் அவ்வகையின் தோட்டங்களை நடு அமெரிக்காவெங்கும் அழித்ததால், 1960-களுக்குள் ஏற்றுமதி வணிகம் கேவெண்டிஷ் வகைக்கு மாறியது. மொரீஷியசிலிருந்து இங்கிலாந்து சென்று, 1830-களில் டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் கண்ணாடி மனையில் ஜோசப் பாக்ஸ்டன் வளர்த்த வாழையின் வழி வந்தது அது. ஆகவே பாட்டியின் குறிப்பை எழுத்துப் பிசகாமல் பின்பற்றும் அமெரிக்கர் இன்று சுடும் ரொட்டி, பாட்டி சுட்ட ரொட்டி அன்று. குறிப்பு நிலைத்தது, கனி மறைந்தது.

இந்தியாவிலும் அந்த வாடல் நோய்க்கு இரையான வகைகள் உண்டு. மைசூருக்கு அருகிலுள்ள நஞ்சன்கூட்டின் ரசபாளெ புவிசார் குறியீடு பெற்ற பழம். பனாமா வாடலால் அதன் சாகுபடி விரல்விட்டு எண்ணத்தக்க உழவர்களிடம் சுருங்கியது. தமிழகத்தின் ரஸ்தாளியும் அதே நோய்க்கு எளிதில் ஆட்படுவது. அந்நோயைத் தாங்கும் என்ற நம்பிக்கையில் பரவிய கேவெண்டிஷ் குழுவின் கிராண்ட் நைன், திசு வளர்ப்புக் கன்றுகளாக ஜல்காவோன் முதல் தேனி வரை நிலங்களை நிரப்பியுள்ளது. அதையும் கொல்லும் புதிய நோய்த்திரிபு, 2010-களின் பிற்பகுதியில் பீகாரின் கட்டிஹார் பகுதியில் கண்டறியப்பட்டது. நோயெதிர்ப்புத் தேடும் அறிவியலார் இன்று நாட்டு வகைகளையும் விதைவாழைகளையும் நோக்கித் திரும்புகின்றனர். திருச்சிராப்பள்ளியில் 1993-இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அத்தகைய வகைகளைத் திரட்டிக் காத்துவருகிறது.

வகைகள் வயலில் மட்டும் வாழ்வதில்லை. அவற்றை வேண்டும் சமையலிலும் வாழ்கின்றன. உண்ணியப்பத்துக்குப் பாளையங்கோடன், கலகாருக்குப் பீம்கல் என்று பெயர் சொல்லிக் கேட்கும் கைகள் உள்ளவரை அவ்வகைகளுக்கு ஒரு சந்தை உண்டு. சமையல் குறிப்பில் வாழைப்பழம் என்று மட்டும் எழுதினால், கடையில் கிடைக்கும் ஒரே வகை போதும் என்றாகிவிடும். ஆகவே இதைப் படிப்போர் தம் வீட்டில் கனிந்த வாழைப்பழத்தால் செய்யப்படும் பண்டத்தின் பெயரையும், ஊரையும், அதற்குக் கேட்டு வாங்கும் வாழை வகையையும், அதைக் கற்பித்தவர் யார் என்பதையும் எழுதிவைப்பது நல்லது. கைப்பிடி அளவாயினும் கைப்பிடி என்றே எழுதலாம். எழுதும் நாளையும் மறவாமல் அதன் கீழே குறித்துவிடுக.